மாத்திரைக் கணக்கு: மிச்சம் வைத்த எட்டு

போன இதழில் மலேரியா பற்றி அரைப் பக்கம் எழுதினேன். வழக்கமாகச் சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இந்த முறை மலேரியாவுக்கென்று தனியாக ஒரு கட்டே வந்துவிட்டது. அதிலிருந்து சில. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் ‘டாக்டரம்மா’ என்று எழுதுகிறீர்கள். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. விழுங்கிய மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, அதற்குள் கிருமியை என்ன செய்கிறது என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. இப்போது காய்ச்சலோடு இருப்பவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் கணக்காளராக இருக்கிறேன். சொந்த ஊர் காரைக்குடி. ஃபால்சிபாரம் மலேரியா (ஆபத்தான ரகமாம்) என்று சொல்லி 24 மாத்திரை உள்ள அட்டை கொடுத்தார்கள். ஒரு வேளைக்கு 4 வீதம் 6 வேளை. நாலு வேளை சாப்பிட்டதுமே காய்ச்சல் போய்விட்டது, வேலைக்குப் போய்விட்டேன். 8 மாத்திரை மிச்சம். மூன்று வாரமாகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாமா? (தார் எஸ் சலாம்)

வைத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்பதுதான் சுவாரஸ்யமானது. கணக்காளர் என்கிறீர்கள், அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

உங்கள் ஊரில் அந்த மருந்தை ‘தாவா ம்செட்டோ’ என்பார்கள். ஸ்வாஹிலியில் கலப்பு மருந்து என்று பொருள். ஒவ்வொரு மாத்திரையிலும் 20 மில்லிகிராம் ஆர்ட்டிமீத்தர், 120 மில்லிகிராம் லூமிஃபான்ட்ரின். முன்னது அவசரக்காரன். வந்தவுடன் அடித்து நொறுக்கிவிட்டுச் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டே போய்விடுவான். பின்னது சாவகாசக்காரன். மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, நாள்கணக்கில் காவல் இருப்பான்.

காய்ச்சலோடு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று உடம்பில் 1,000 கோடி ஒட்டுண்ணிகள், அதாவது மலேரியாக் கிருமிகள், இருந்தன என்று வைத்துக்கொள்வோம். இது மிகையான எண் இல்லை. கடுமையாகப் படுத்துவிட்டவர்களுக்கு லட்சம் கோடி வரை போகும். இந்த ஒட்டுண்ணிக்கு 48 மணி நேரம் ஒரு தலைமுறை. நம் அவசரக்காரன் சேர்ந்த ஆர்ட்டிமிசினின் வகை மருந்து ஒரு தலைமுறைக் காலம் முழுதும் வேலை செய்தால், பத்தாயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சும். ஆக முதல் சுற்று முடிவில் 10 லட்சம். இரண்டாம் சுற்றில் நூறு. அந்த நூறைத் துடைத்தெடுப்பது சாவகாசக்காரனின் பொறுப்பு. மூன்று நாள் மருந்து என்பதன் பொருளே அவசரக்காரன் இரண்டு தலைமுறைகளைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான்.

இனி உங்கள் பேரேடு. 6 வேளையும் 0, 8, 24, 36, 48, 60 என்ற மணிக்கணக்கில் வர வேண்டும். நீங்கள் 36-ஆவது மணியோடு நிறுத்திவிட்டீர்கள். முதல் தலைமுறை முடியும் முன்பே அவசரக்காரனை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அப்போது பத்து லட்சத்தை ஒட்டி ஒட்டுண்ணிகள் உயிரோடு இருக்கின்றன. உங்களுக்கோ காய்ச்சல் இல்லை. ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. உடம்பு முழுவதிலும் சேர்த்து ஏறக்குறைய 10 கோடியாவது இருந்தால்தான் பார்ப்பவர் கண்ணுக்குப் படும். காய்ச்சல் போவதற்கும் நோய் போவதற்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. மருந்து நன்றாக வேலை செய்ததால்தான் நீங்கள் நிறுத்தினீர்கள். கசப்பான, மெதுவான மருந்தாக இருந்திருந்தால் பயந்துபோய் முழுதும் சாப்பிட்டிருப்பீர்களோ என்னவோ.

சாவகாசக்காரன் பக்கம் வருவோம். ஆறில் இரண்டு வேளை குறைந்தால் அவன் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. லூமிஃபான்ட்ரின் பாதியாக இறங்க ஆளுக்கு ஆள் 3 முதல் 6 நாள் ஆகும். நாம் 4 என்று வைத்துக்கொள்வோம். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்: காவல் ஏறக்குறைய இரண்டேகால் நாள் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. ஒட்டுண்ணிக்கு அது ஒரு முழுத் தலைமுறையும் கொஞ்சமும். காவல் இல்லாத தலைமுறையில் ஒன்று பத்தாகப் பெருகும்.

உண்மையில் நஷ்டம் அதைவிடக் கூடுதல். லூமிஃபான்ட்ரின் கொழுப்பு இல்லாமல் சரியாக உள்ளே ஏறாது. வெறும் வயிற்றில் விழுங்குவதற்கும் நெய்யும் கறியுமாகச் சாப்பிட்டுவிட்டு விழுங்குவதற்கும் உள்ளே ஏறும் அளவில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. முதல் நாள் வாந்தி, கடுங்காப்பியோடு படுத்திருப்பீர்கள். மூன்றாம் நாள்தான் உகாலியும் (அந்த ஊர் மக்காச்சோளக் களி) மீனும் பாலும் உள்ளே போகும். நீங்கள் விட்ட இரண்டு வேளையும் ஆறிலும் நன்றாக ஏறியிருக்க வேண்டியவை. மாத்திரை எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குதான் போயிற்று. மருந்தில் அதற்கு மேலும் போயிருக்கும்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை என்பது நல்ல சேதிதான். ஆனால் மருந்துச் சோதனைகளில் குறைந்தது 28 நாள், பல சமயம் 42 நாள் நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பார்கள்; மீள்வது இரண்டு வாரம் முதல் ஆறு வாரத்துக்குள் நடக்கலாம். அதுவரை காய்ச்சல் வந்தால் அன்றைக்கே பரிசோதனை. ‘போன தடவை முழுதும் சாப்பிடவில்லை’ என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த உங்கள் அலுவலகக் காவலாளி நாலு வேளையிலேயே தப்பித்திருக்கக்கூடும். சின்ன வயதிலிருந்து கடிபட்டு அவர் உடம்பு கொஞ்சம் சண்டை போடக் கற்றுக்கொண்டிருக்கும். காரைக்குடி உடம்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

மிச்சமுள்ள எட்டு? அது யாருக்கும் முழு மருந்து இல்லை. அலமாரியில் இருந்தால் பரிசோதனை இல்லாமல் யாராவது போட்டுக்கொள்வார்கள். மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மகன் கானாவில் இருக்கிறான். அவனுக்கும் இதே கலப்பு மருந்து, வேளைக்கு 4 மாத்திரை. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் எட்டாகச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறான். (பல்லடம்)

வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. லூமிஃபான்ட்ரினைப் பொறுத்தவரை குடலுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. எட்டு போட்டால் இரண்டு மடங்கு ஏறாது. நினைவு வந்தவுடன் அந்த வேளையைச் சாப்பிட்டுவிட்டு, மற்றவற்றை இடைவெளி விட்டுத் தொடர்ந்து, அட்டையைக் காலி செய்ய வேண்டும். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடி எடுக்க வேண்டும். அப்போது அட்டையில் ஒரு வேளைக்கு உரியது குறையும், போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பால் ஒரு டம்ளர் கூடவே.

மறப்பது அதிகமும் இரண்டாம் வேளைதான் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. முதல் வேளை இரவு 8 மணி என்றால் அடுத்தது விடியற்காலை 4 மணி. இந்த அட்டவணையை எழுதியவர்கள் காய்ச்சல்காரன் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புள்ளியியல் படிக்கிறேன். ‘கம்ப்யூட்டர் நோயாளிகள்’ என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். இல்லாத நோயாளிக்கு இல்லாத மாத்திரை கொடுத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? (திருச்சி)

நல்ல குத்தல். பதில் சொல்கிறேன்.

உயிரோடு இருக்கிற ஆயிரம் பேரைக் கூப்பிட்டு, ‘உங்களில் 200 பேர் கடைசி வேளையை விடுங்கள், 200 பேர் வெறும் வயிற்றில் போடுங்கள், 200 பேர் நடுவில் ஒரு நாள் மறந்துவிடுங்கள்’ என்று சொல்ல முடியாது. அது குற்றம். அதனால் காகிதத்தில் செய்கிறோம். உடம்பை ஒரு தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள், அல்லது குழாயால் இணைத்த இரண்டு மூன்று தொட்டிகளாக. மருந்து ஒரு பக்கம் ஏறுகிறது, மறுபக்கம் வடிகிறது. ஏறும் வேகம், வடியும் வேகம், தொட்டியின் அளவு ஆகியவை ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்பது உண்மையான நோயாளிகளின் ரத்த மாதிரிகளிலிருந்து தெரியும். அந்தப் பரவலிலிருந்து ஆயிரக்கணக்கான கற்பனை ஆட்களை உருட்டி எடுக்கிறோம். குண்டானவர், ஒல்லியானவர், 9 கிலோக் குழந்தை. ஒவ்வொருவருக்குள்ளும் ஒட்டுண்ணியைப் பெருகவிட்டு, மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தும் தாறுமாறாகக் கொடுத்தும் பார்க்கிறோம்.

சிக்கல் எங்கே என்றால், ‘தாறுமாறு’ எப்படி இருக்கும் என்பதில். நோயாளியைக் கேட்டால் எல்லாரும் ‘சாப்பிட்டேன்’ என்பார்கள். குழந்தையின் அம்மாவைக் கேட்டால் இன்னும் வேகமாகச் சொல்வார்கள். அட்டையில் மீதியை எண்ணினால் எத்தனை என்று தெரியும், எப்போது என்று தெரியாது. தான்சானியாவில் ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொரு மாத்திரையையும் பிதுக்கி எடுத்த நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் மின்னணு அட்டையைக் கொடுத்தார்கள். பிதுக்கியதெல்லாம் வாய்க்குப் போயிற்றா என்று அட்டைக்குத் தெரியாதுதான். ஆனாலும் நேரம் கிடைத்ததே பெரிய விஷயம். அந்த நேரக் கணக்கை எடுத்துக்கொண்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒன்று 2017-இல் இதே கலப்பு மருந்துக்கு உடம்புக்குள் நடப்பதை மாதிரியாக்கிப் பார்த்தது. நேரத்துக்குச் சாப்பிட்ட கற்பனை ஆளும், நிஜ மனிதர்கள் சாப்பிட்டது போலவே சாப்பிட்ட கற்பனை ஆளும் பக்கத்தில் பக்கத்தில்.

அதிலேயே இன்னொரு பழைய கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருந்தே இல்லாமல் விட்டால் ஒட்டுண்ணி எப்படி ஏறி இறங்கும் என்று தெரிய வேண்டுமே? இன்று யாரையும் அப்படி விட முடியாது. ஆனால் ஒரு காலத்தில், மேகநோய் (சிபிலிஸ்) மூளையைத் தாக்கியவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி வைத்தியம் செய்தார்கள். பென்சிலின் வருவதற்கு முன் தொடங்கிய வைத்தியம் அது. தொடங்கிவைத்த வியன்னாவின் யூலியஸ் வாக்னர்-யௌரெக்குக்கு 1927-இல் நோபல் பரிசே கிடைத்தது. அமெரிக்காவில் ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் அப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் நாள்தோறும் ஒட்டுண்ணியை எண்ணி எழுதிவைத்த ஏடுகள்தான் இன்றைய கம்ப்யூட்டர் மாதிரிகளுக்கு அடித்தளம். அந்த வரைபடங்களைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். சம்மதம் கேட்டார்களா, யாரிடம் கேட்டார்கள்?

என்ன தெரிந்துகொள்ள முடியும் என்றுதானே கேட்டீர்கள். இந்தக் கலப்பு மருந்து முதலில் நாலு வேளையாகத்தான் இருந்தது. தாய்லாந்து எல்லையில் அது போதவில்லை. லூமிஃபான்ட்ரின் எத்தனை நாள் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது என்று ரத்த அளவுகள் காட்டின. ஆறு வேளை ஆக்கியதும் குணமாவோர் எண்ணிக்கை ஏறியது. இன்றைக்கும் ஏழாம் நாள் லூமிஃபான்ட்ரின் அளவு எவ்வளவு என்று பார்த்தே ஒருவர் தப்புவாரா என்று ஊகிக்கிறோம். மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் என்பது நாங்கள் அடிக்கடி பிடித்துக்கொள்ளும் கோடு. இன்னொன்று: டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்–பைப்பராகுயின் என்ற வேறொரு கலப்பில் சின்னக் குழந்தைகளுக்கு மறுபடி மறுபடி நோய் வந்தது. கணக்குப் போட்டால், எடைக்குக் கொடுத்த அளவே குழந்தைகளுக்குப் போதவில்லை. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் 25 கிலோவுக்குக் குறைவானவர்களுக்கு அளவைக் கூட்டியது. அதுவரை எத்தனை அம்மாக்கள் ‘ஒழுங்காகக் கொடுக்கவில்லை’ என்ற பேச்சை வாங்கியிருப்பார்களோ.

என் வீட்டுக்காரருக்கு ஒரே வருஷத்தில் மூன்று தடவை மலேரியா. ‘வைவாக்ஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மாத்திரை கொடுத்தார்கள். சென்னையில் கொசு அவரை மட்டும் தேடிக் கடிக்கிறதா? (ராயபுரம்)

கொசு மறுபடியும் கடித்திருக்கலாம். உங்கள் பக்கத்துக் கிணறும் மூடாத மேல்நிலைத் தொட்டியும் மலேரியாவைப் பரப்பும் ஸ்டீபன்சி கொசுவுக்குச் சொந்த வீடு. ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது பழைய கடியை. வைவாக்ஸ் என்பது மலேரியாவின் இன்னொரு ரகம்; அந்த ஒட்டுண்ணியில் ஒரு பகுதி ஈரலில் போய்த் தூங்கிவிடும். சில வாரத்திலோ பல மாதம் கழித்தோ எழுந்து வரும். ரத்தத்தில் இருப்பதை மூன்று நாள் குளோரோகுயின் கொன்றுவிடும், தூங்குவதைத் தொடாது. அதற்கு ப்ரைமாகுயின் 14 நாள். குளோரோகுயின் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்குவதால், முதலில் எழுந்து வருவதை அமுக்கிவிடுகிறது. அது வடிந்ததும் காய்ச்சல். நாம் புதுக் கொசு என்று நினைக்கிறோம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவர் 14 நாளும் சாப்பிட்டாரா? திட்டுகிற குரலில் கேட்காதீர்கள், உண்மை வராது. 60 கிலோ ஆளுக்கு நம் நாட்டு அளவு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம்; மொத்தம் 210. மூன்றாம் நாளே காய்ச்சல் போய், ஐந்தாம் நாள் நிறுத்தியிருந்தால் உள்ளே போனது 75. ப்ரைமாகுயின் ஒரு நாளுக்குள் ரத்தத்தை விட்டுப் போய்விடும். ஆனால் தூங்கும் ஒட்டுண்ணி விஷயத்தில், எந்த நேரத்தில் எவ்வளவு இருந்தது என்பதைவிட மொத்தமாக எவ்வளவு உள்ளே போயிற்று என்பதே முக்கியம். அதனால் நடுவில் ஒரு நாள் விட்டால் எல்லாம் வீண் என்று தூக்கிப் போட வேண்டாம். கடைசியில் ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம். ஆறு வேளைக் கலப்பு மருந்தில் இந்தச் சலுகை கிடையாது.

14 நாளும் சாப்பிட்டார் என்றால் அவரை நம்புங்கள். சிலருக்கு ஈரலில் சைப்2டி6 என்ற நொதி மந்தமாக இருக்கும். ப்ரைமாகுயின் அதன் வழியாக மாறினால்தான் வேலை செய்யும். அவர்கள் எத்தனை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் பலன் குறைவு. டாக்டரிடம் இதையும் கேளுங்கள். இன்னொன்றையும் அவசியம் கேளுங்கள்: ஜி6பிடி பரிசோதனை செய்தார்களா? அந்த நொதி குறைந்தவர்களுக்கு ப்ரைமாகுயின் ரத்த அணுக்களை உடைக்கும். சிறுநீர் கறுத்த டீ போல் போனால் அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தே கூடாது.

14 நாளை 7 ஆக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. ஒரே வேளை மருந்தும் உண்டு: டஃபெனோகுயின், 300 மில்லிகிராம், 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாதியாக இறங்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் மருந்து. ஒரு தடவை விழுங்கினால் அதுவே 14 நாள் வேலையைப் பார்க்கும். மறதிக்காரர்களுக்குச் சொர்க்கம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு முழுச் சந்தோஷம் இல்லை. ப்ரைமாகுயின் ஒத்துக்கொள்ளாவிட்டால் நாளைக்கு விட்டுவிடலாம். இதை விழுங்கிய பிறகு விட முடியாது. அதனால்தான் ஜி6பிடி அளவைத் துல்லியமாகப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்கிறார்கள்.

எங்கள் தாத்தா நடுவட்டம் சிங்கோனாத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கொயினா (சிங்கோனாப் பட்டையில் எடுக்கும் மலேரியா மருந்து) சாப்பிட்ட காலத்தில் யாரும் வேளை தவறியதில்லை என்பார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் பொறுப்பில்லை. (கூடலூர்)

தாத்தாவுக்கு வணக்கம். ஆனால் கொயினா நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். இருபத்தோரு தடவை அந்தக் கசப்பு. காது இரைச்சல், தலைசுற்றல் வேறு. உலகம் முழுக்க ஜனங்கள் பாதியில் விட்ட மருந்துகளில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம். தோட்டத்தில் மேஸ்திரி வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் தவறியிருக்க முடியாது, அது வேறு.

பாதியில் நிறுத்துகிறவர்களால்தான் மருந்து எதிர்ப்பு உண்டாகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். சரிதானே? (ஆசிரியை, தென்காசி)

பாதி சரி டீச்சர். ஒட்டுண்ணி ஏராளம், மருந்து கொஞ்சம் என்ற நிலையில் தாங்கும் ரகம் பிழைத்துக்கொள்ளும்; அரைகுறை மருந்து அந்த நிலையை உண்டாக்கும். ஆனால் முழுதும் சாப்பிட்டவரின் ரத்தத்திலும் லூமிஃபான்ட்ரின் வடியும் காலம் ஒன்று உண்டு. அந்த வாரங்களில் புதுக் கொசு கடித்தால், வந்து சேரும் ஒட்டுண்ணியும் குறைந்த மருந்தைத்தான் சந்திக்கிறது. மேற்குக் கம்போடியாவில் ஆர்ட்டிமிசினினுக்கு மசியாத ரகம் தலைதூக்கியதற்கு நோயாளியின் மறதியை மட்டும் சொன்னால் நியாயமில்லை. அங்கே கூட்டாளி மருந்து இல்லாத தனி ஆர்ட்டிமிசினின் மாத்திரைகளும் போலி, அரைகுறை மாத்திரைகளும் வருஷக்கணக்கில் விற்றன. தனி மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2006-இல் கேட்டுக்கொண்டது. பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் கணக்குச் சொல்கிறீர்களே, உங்களுக்கு மலேரியா வந்தால் முழுதும் சாப்பிடுவீர்களா? (பெயர் போட வேண்டாம்)

வந்திருக்கிறது. சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தபோது, வைவாக்ஸ். ப்ரைமாகுயினை வெறும் வயிற்றில் போட்டு, வயிறு பிசைந்து, ஆறாம் நாள் நிறுத்தினேன். மருந்தியல் மாணவி! இரண்டு மாதம் கழித்துத் தேர்வு அறையில் பல் கிட்டியது. பக்கத்து மேசைப் பெண் நான் பயத்தில் நடுங்குகிறேன் என்று தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

இரண்டாம் தடவை அறைத் தோழி கதவில் சாக்பீஸால் 14 கோடு போட்டு, இட்லி சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை என்று சட்டம் வைத்து, தினமும் ஒரு கோட்டை அழித்தாள். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. தூத்துக்குடிக்கு ரயில் ஏறிவிட்டேன். அட்டை விடுதி மேசையிலேயே கிடந்தது. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் கதவில் ஆறு கோடு அப்படியே. அவளாக ஒன்றையும் அழிக்கவில்லை. இரண்டு நாளை அந்தப் பக்கம் தள்ளி, பதினாறாம் நாள் கடைசி மாத்திரையைப் போட்டேன்.